ஆடிட்டுக்குச் சொல்கிற பதில்

வெள்ளைக்காரர் யாராவது ஆம்பூருக்கு வந்தால் அது ஆடிட்டுக்குத்தான் என்று சம்பத் நினைத்ததில் தப்பே இல்லை. தோல் பதனிடுகிற டேனரியில், தோலை மருந்தில் போட்டுச் சுற்றுகிற டிரம் பக்கம் நின்றே தலை நரைத்துப் போனவர். அத்தனை வருஷத்தில் அவர் பார்த்த வெள்ளைக்காரர் எல்லாம் தோல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காகக் கேள்வி கேட்க வந்தவர்கள். அவர்கள் வருகிற காலையில் சூப்பர்வைசர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பதில் சொல்லிக்கொடுப்பான். எட்டு மணி நேரம் வேலை. கிளவுஸ் தர்றாங்க. லீவு கேட்டா கிடைக்கும். அன்றைக்கு மட்டும் ஸ்டோரிலிருந்து புதுக் கிளவுஸ் வரும். கார் கேட்டைத் தாண்டியதும் கழற்றி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அதனால் மகள் எழிலரசி வந்து, ஜெர்மனிக்காரப் பெண் ஒருத்தி நம்ம வீட்டில் ஒரு வாரம் தங்கப் போகிறாள் என்று சொன்னதும், "யாரு அனுப்பறாங்க அவள?" என்றுதான் கேட்டார்.

யாரும் அனுப்பவில்லை, ரெண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் இருந்து பேசிப் பழகுகிற திட்டம், ஒரு டிரஸ்ட் நடத்துகிறது, அடுத்த வருஷம் நாங்கள் அங்கே போவோம் என்று அவள் விளக்கினாள். காலேஜில் படிக்கிற பெண், நன்றாகத்தான் விளக்கினாள். சம்பத் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒன்றையும் நம்பவில்லை. சும்மா பேசிவிட்டுப் போக எவனாவது பிளேன் ஏறி வருவானா?

அவருக்கு இதில் ஒரு பயம் இருந்தது. அவருடைய தோஸ்த் நிசார் அஹமது, தான் முன்பு வேலை செய்த கம்பெனியில் ஆடிட் ஆளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஆர்டர் நின்றது. கொஞ்ச நாளில் கம்பெனியே மூடிப்போனது. நிசார் பாய் இன்றைக்கும் ஆட்டோதான் ஓட்டுகிறார். அவர் மகள் சானியா பன்னிரண்டாவதோடு நின்று ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இப்போது எழிலரசிக்கு வாய் நீளம். வந்தவளிடம் எதையாவது உளறி வைத்தால் சம்பத் வேலையும் போகும், அவள் படிப்பும் போகும்.

வந்த பெண்ணின் பேர் ஃப்ரீடா. மறுநாளே தெருவில் அவள் பிரீத்தா ஆகிவிட்டாள். முதல் ராத்திரி சம்பத்தின் மனைவி சௌந்தரம் கருவாட்டுக் குழம்பு வைத்து எல்லாரையும் தரையில் உட்கார வைத்தாள். எல்லாரும் கையால் பிசைந்து சாப்பிட, சம்பத் மட்டும் ஸ்பூன் எடுத்தார். வருஷக்கணக்காக அவர் ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார். விரல் இடுக்கெல்லாம், தோலில் போடுகிற குரோம் மருந்து அரித்த புண். காரம் பட்டால் உயிர் போய் உயிர் வரும்.

ஃப்ரீடா அவரைப் பார்த்தாள், தனக்கு வைத்திருந்த ஸ்பூனைப் பார்த்தாள். பிறகு ஸ்பூனை ஓரம் தள்ளிவிட்டுக் கையால் அள்ளி, பாதியை மடியில் கொட்டிக்கொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்தாள். எழிலரசிக்குப் புரிந்துபோயிற்று. தனக்குத் துணையாகத்தான் பெரியவர் ஸ்பூனில் சாப்பிடுகிறார் என்று இவள் நினைக்கிறாள். வாயைத் திறக்கப் போனவள், அப்பா பார்த்த பார்வையில் அப்படியே மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க ஃப்ரீடா என்ன கேட்டாலும் சம்பத் ஆடிட் பதிலே சொன்னார். இன்றைக்கு வேலை எப்படி இருந்தது என்று கேட்டால், எட்டு மணி நேரம். ஏலகிரி போயிருக்கிறீர்களா என்று கேட்டால், லீவு கேட்டால் கிடைக்கும். சௌந்தரம் தலையில் அடித்துக்கொண்டாள். "பச்சைப் புள்ள இன்னாவோ ஆசையா கேக்குது, நீ இன்னா கோர்ட்டுல நிக்கறியா?"

கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, ஒரு மஹாலில் கூட்டம். ஹாலும் பிரியாணியும் சம்பத் வேலை செய்கிற கம்பெனி உபயம். முன்வரிசையில் மேனேஜர் ஜெயப்பிரகாஷ் உட்கார்ந்திருந்தார். பின்னால் முழுக்க டேனரி ஆட்களும் அவர்கள் குடும்பமும். ஆட்டோவை வெளியே போட்டுவிட்டு நிசார் பாயும் வந்து கதவோரம் நின்றார். பிள்ளைகள் ஜோடி ஜோடியாக ஏறி, அந்த வீட்டில் இருந்து என்ன கற்றுக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். சம்பத் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மகள் வாயையே பார்த்தார்.

ஃப்ரீடா இங்கிலீஷில் சொல்ல, எழிலரசி மைக்கில் தமிழாக்கினாள். வீடு, தெரு, வெயில் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு ஃப்ரீடா நெஞ்சில் கை வைத்து ஏதோ நீளமாகச் சொன்னாள். எழிலரசி மைக்கைக் கை மாற்றிப் பிடித்தாள். மைக் கரகரத்தது.

"எனக்காக இவங்க அப்பா ஸ்பூன்ல சாப்பிட்டாரு. அவருக்காக நான் கையால சாப்பிடக் கத்துக்கிட்டேன். ரெண்டு நாடு பழகறதுன்னா இதான்னு ஃப்ரீடா சொல்றா."

முன்வரிசை கை தட்டியது. பின்னால் ஒருத்தரும் தட்டவில்லை. டேனரியில் எவன் ஸ்பூனில் சாப்பிடுவான், எதற்குச் சாப்பிடுவான் என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். தோல் ஓரம் வெட்டுகிற அஜீஸுன்னிசா தன் ரெண்டு கையையும் மெல்ல துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஃப்ரீடாவுக்கு முகம் மாறியது. தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா என்று எழிலரசியைக் கேட்டது அவள் முகத்திலேயே தெரிந்தது. அடுத்த ஜோடி வரட்டும் என்று ஜெயப்பிரகாஷ் எழுந்து கை காட்டினார். எழிலரசி அப்பாவைப் பார்த்தாள். சம்பத் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் ஃப்ரீடா பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள்.

சம்பத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளவுஸ் என்றாள், குரோம் என்றாள், அப்பா என்றாள். தன் கையை விரித்து விரல் இடுக்கைத் தொட்டுக் காட்டினாள். அவர் ஜெயப்பிரகாஷின் பிடரியையே பார்த்தார். அந்த ஆளுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். பிடரி அசையவே இல்லை. பிறகு ஜெயப்பிரகாஷ் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் நடந்து வந்து, குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "நாளைக்கு டிரம்முக்குப் போகாத. ஆபீசுக்கு வா."

அவ்வளவுதான். நிசார் பாயிடமும் அந்தக் காலத்தில் இதைத்தான் சொன்னார்கள்.

மேடையிலிருந்து இறங்கிய ஃப்ரீடா நேரே சம்பத்திடம் வந்து அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவள் அழுதுகொண்டே என்னவோ சொன்னாள். ஊருக்குப் போய் இதை எல்லாருக்கும் சொல்லப் போகிறாளாம், இந்தத் தோலை வாங்குகிறவர்களையே போய்ப் பார்க்கப் போகிறாளாம் என்று எழிலரசி சொன்னாள்.

"சொன்னா ஆர்டர் நிக்குமே. நின்னா நாங்க எங்க போறது? கேளு அவள."

ஒரு வாரத்தில் அவர் அந்தப் பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வி அது. எழிலரசி கேட்டாள். ஃப்ரீடா கண்ணைத் துடைத்தாள்.

"தெரியலங்கறாப்பா. அப்ப நான் இன்னா செய்யணும், நீங்களே சொல்லுங்கன்னு கேக்கறா."

ஆடிட் வந்த எந்த வெள்ளைக்காரனும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. சொல்லிக்கொடுத்த பதில்களில் இதற்குப் பதில் கிடையாது. "நான் ஒருத்தனே இதச் சொல்லக் கூடாது," என்றார் சம்பத். கதவோரம் திரும்பி, "பாய், இங்க வா," என்றார். அஜீஸுன்னிசாவையும் கூப்பிட்டார்.

நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். பேச்சு சீக்கிரமே சண்டையாகிவிட்டது. சொல்லட்டும், பதினைந்து வருஷம் முன்னால் என்னோடு நாலு பேர் நின்று கேட்டிருந்தால் என் கம்பெனி குறையைச் சரி செய்திருக்கும், மூடியிருக்காது என்றார் நிசார் பாய். நீ ஆட்டோ ஓட்டறே, உனக்குப் போக இன்னா இருக்கு, என் வீட்டில் சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான் என்று அஜீஸுன்னிசா எகிறினாள். அவர்கள் போட்ட சண்டையில் ஒரு வார்த்தை விடாமல் எழிலரசி ஃப்ரீடாவுக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். எதையும் பூசி மெழுகவில்லை. ஜெயப்பிரகாஷ் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

ஒன்றும் முடிவாகவில்லை. நாங்கள் கூப்பிட்டுச் சொல்கிற வரைக்கும் யாரிடமும் பேசாதே என்று மட்டும் ஃப்ரீடாவிடம் சொல்லச் சொன்னார்கள். அவள் சரி என்றாள். சம்பத் அதை நம்பினாரா என்றால், பாதி நம்பினார்.

சம்பத் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நாளைக்கு ஆபீசில் சூப்பர்வைசர் இருப்பான், மேனேஜர் இருப்பார், இவர் ஒற்றை ஆள். கணக்கு முடித்து அனுப்பிவிட ஒரு நிமிஷம் ஆகாது.

அஜீஸுன்னிசா இன்னும் கோபத்தில்தான் இருந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவள் நின்றாள்.

"நாளைக்கு எத்தினி மணிக்குண்ணா ஆபீஸு?"

சம்பத் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டுக்கு. லேட்டா வராத."