வாசல் ஓரத்து வெள்ளைச் செடி

என் வீட்டுக்காரர் சின்னுசாமி யோசிப்பதற்குள் அவர் கை வேலையை முடித்துவிடும். போன வருஷம் எங்கள் மரவள்ளியை மாவுப்பூச்சி தின்று தீர்த்ததிலிருந்து, செடியில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் மனுஷன் அரிவாளைத் தேடுவார்.

நான் செம்மேட்டுப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் தோட்ட வேலை பார்க்கிறேன். முதலாளி கவிதாம்மா சேலத்தில் இருக்கிறார். அவர் நர்சரியிலிருந்து முப்பது அழகுச் செடிகள் வாங்கிவந்து வாசல் ஓரம் வைக்கச் சொன்னார். மாலையில் வாசனைக்குக் கட்டும் நம் மாசிபத்திரிக்கு உறவுக்காரச் செடிதான். புதராக வளரும், இலை மட்டும் திருநீறு பூசியதுபோல வெள்ளை. வீட்டுக்காரரிடம் அதைச் சொல்ல மறந்தது என் தப்பு. தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு நான் போன அன்று எனக்குப் பதிலாக வந்த இவர், அத்தனையையும் தரையோடு வெட்டி, கொளுத்தக் குவித்துவிட்டார். மரவள்ளிக்கு விவசாய ஆபீசில் அப்படித்தான் செய்யச் சொன்னார்களாம்.

மறுநாள் குவியலைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கிளறினேன். நல்லவேளை, தூறல் போட்டதால் கொளுத்தவில்லை. ஓர் இலையைக் கசக்கி அவர் மூக்கருகே நீட்டினேன். வாசனை தூக்கியது. இலையின் நிறமே இதுதான், பூச்சியில்லை என்றேன். மரவள்ளியும் இல்லாத வருஷத்தில் இந்த வேலையும் போனால் என்ன செய்வோம்?

மரவள்ளிக் குச்சி நடுவதுபோலத் தண்டுகளைச் சாண் சாணாக நறுக்கி நட்டோம். கவிதாம்மா வர ஒரு மாதம் இருந்தது. பச்சைச் செடியென்றால் வாடியது தெரியும். இந்தப் பாழாய்ப்போனது உயிரோடிருந்தாலும் சாம்பல் நிறம், செத்தாலும் சாம்பல் நிறம்.

இருபத்தைந்தாம் நாள் பொறுக்க முடியாமல் ஒன்றைப் பிடுங்கினேன். அடியில் நூல் நூலாக வேர். அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். செத்துப்போய்விட்டதா என்று இவர் பயந்துபோய்க் கேட்டார்.

கவிதாம்மா வந்ததும், செடி ஏன் இத்தனை குட்டையாக இருக்கிறது என்றார். எருமை மேய்ந்துவிட்டது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"நாந்தானுங்க வெட்டுனேன். மாவுப்பூச்சின்னு நெனச்சுப்போட்டனுங்க. சுகுணா மேல தப்பில்லீங்க."

கவிதாம்மா வரிசையோடு நடந்து பார்த்தார். முப்பது இருந்த இடத்தில் எண்பதுக்கு மேல் துளிர்த்திருந்தது.

"பின்பக்க வேலிக்கும் இதையே வாங்கலாம்னு இருந்தேன்," என்றார். "இனி வாங்க வேண்டாம். நாளைக்கு ரெண்டு பேருமே வந்து நடுங்க."

எனக்கு மூச்சு வந்தது. எதற்கெடுத்தாலும் அவரைத் திட்டும் நான், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்து, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.