பெயர்பெற்ற ஹெலிவெல்கள்

அந்த நாளில் தோர்ன்ஷாவில் ரொட்டிக்கடை வரிசையில் ஆறு ஆள் நிற்கும் இடம் எப்போதும் காலியாக இருக்கும். வெளியூர்க்காரர் யாராவது தெரியாமல் அதில் போய் நின்றால் பின்னால் இருப்பவர் தொண்டையைக் கனைப்பார். அதற்கும் நகராவிட்டால், "அங்க ஆள் நிக்கிறாங்க" என்று மெல்லச் சொல்வார். எங்கள் ஊரில் கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு, வரிசையில் புகுந்தவனுக்குக் கிடையாது. அந்த ஆறு பேரின் முறை வரும்போது கடைக்காரர் ஒரு ரொட்டியைப் பலகைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பற்றி ஏதாவது சொல்வார். அவர் திரும்பிப் பார்க்கையில் ரொட்டி இருக்காது, சில்லறை இருக்கும். அந்த ஆறு பேரும் ஹெலிவெல் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள்.

ஒவ்வொரு மார்ச் மாதமும் லண்டனிலிருந்து எங்கள் நூலகத்துக்குப் பெயர்பெற்றோர் கோவை என்றொரு தடித்த சிவப்புப் புத்தகம் வரும். அதில் ஹெலிவெல் என்ற தலைப்பின்கீழ் அப்போது ஆறு பேர் இருந்தார்கள்: இன்றைக்கும் பாடப்படும் நான்கு தேவாலயப் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்ட ஒரு பிஷப், அர்ஜென்டினாவில் பாலம் கட்டிய ஒருவர், வடதுருவம் போய்க் கால்விரல்களை விட்டுவிட்டு வந்த ஒருவர், ஒரு பாடகி, ஒரு நீதிபதி, மூன்று மனைவிகளுக்கு விஷம் வைத்துத் தூக்கில் தொங்கிய ஒரு மருந்துக்கடைக்காரர். கோவைக்கு நல்லவன் கெட்டவன் பேதமெல்லாம் கிடையாது. அதில் ஒரு ஹெலிவெல் புதிதாக ஏறும் ஒவ்வொரு முறையும் தோர்ன்ஷாவில் ஒரு ஹெலிவெல் மறைந்துபோவார். செத்துப்போவதில்லை. கண்ணுக்குத் தெரியமாட்டார், பேசினால் கேட்காது, எழுதினால் தாளில் விழாது, தொடப்போனால் யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின் சூடு மட்டும் கைக்குத் தட்டுப்படும். மற்றபடி துணி துவைப்பார்கள், கொடியில் காயப்போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவார்கள். பிஷப்புக்காகப் போனது அவருடைய அக்கா. அதையாவது சகித்துக்கொள்ளலாம், ரத்த உறவு. விஷம் வைத்தவனுக்காகப் போனது அவனை ஒருநாளும் பார்த்திராத அபிகேல் டீச்சர். அந்த அநியாயம் எங்களுக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. வால்டர் ஹெலிவெல் என்பவர் கெட்டிக்காரத்தனமாக வக்கீலிடம் போய்ப் பெயரை ஸ்மித் என்று மாற்றிக்கொண்டார். மறுவருடம் போனது அவர்தான். ஹெலிவெல் என்ற பெயரை ஒரே ஒருநாள் சுமந்திருந்தாலும் போதும் என்று அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது.

போர் முடிந்து ஏழெட்டு வருடம் கழித்து, மீன் வறுவல் கடை க்ராஸ்லியின் மகள் மேவிஸ், கிளிஃபோர்ட் ஹெலிவெல்லைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். கிளிஃப் கம்பளி ஆலையின் சாயப்பட்டறையில் வேலை செய்தான், சனிக்கிழமைகளில் ஆலை அணிக்குக் கிரிக்கெட் ஆடினான். மேவிஸின் தாயார் எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றபடியே கரண்டியை ஓங்கினார். "ஊர்ல வேற பேரே இல்லியாடி உனக்கு? ஸ்மித் இருக்கான், டெய்லர் இருக்கான். அவங்கள்ல ஆயிரம் பேரு பேரு வாங்கினாலும் ஒரு ஈ காக்காவுக்கு ஒண்ணும் ஆவறதில்ல!" மேவிஸ் உருளைக்கிழங்கைச் சீவுவதை நிறுத்தாமல், "ஸ்மித்துக்குப் பல்லு எடுப்பும்மா" என்றாள். "கிளிஃபுக்கு எந்தப் பேரும் வராது, நீ பயப்படாத. நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவன் சாயப்பட்டறைல நிக்கிறான். அவன் எதுல போய்ப் பேரு வாங்கப் போறான்?" கல்யாணம் நடந்தது, கேக் வெட்டினார்கள், மாதாகோயில் பதிவேட்டில் பேனாவை வைத்து எழுந்தபோது அவள் மேவிஸ் ஹெலிவெல். கல்யாணமானால் புருஷன் பெயர்தான். பிறந்த பெயரையே வைத்துக்கொள் என்று அவளிடம் சொல்ல எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

அடுத்த கோடையின் பிற்பகுதியில் கவுண்ட்டி என்கிற மாவட்ட அணியில் இருவருக்கு விரல் முறிந்து, கிளிஃபுக்கு ஆள் அனுப்பினார்கள். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் மாவட்டத்தில் கவுண்ட்டி அழைத்து மறுத்தவன் இதுவரை பிறக்கவில்லை. மறுத்திருந்தால் அதற்காகவே கோவையில் ஏறியிருப்பான். மேவிஸுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது. கிளிஃப் பையைத் தூக்கிக்கொண்டு, "மொத பந்துலயே அவுட்டாயிட்டு சாயங்கால பஸ்ல வந்துடறேன்" என்றான். "அப்டி வந்து நிக்காத" என்றாள் அவள். "எனக்காகத்தான் முட்டை போட்டேன்னு நீ காலம்பூரா சொல்லுவ, நான் கேட்டுக்கிட்டுக் கெடக்கணும்." அவன் நேராக எதிரியின் கையில் பந்தைத் தூக்கிக் கொடுத்தான், விட்டுவிட்டார்கள். மறுபடி கொடுத்தான், வெயில் கண்ணில் அடித்தது என்று விட்டார்கள். எங்கள் பக்கம் வெயில் அடிப்பதே செய்தி. காலால் ஸ்டம்பை உதைத்தான், மேலே கிடந்த கட்டைகள் ஆடின, விழவில்லை. கடைசியில் பந்து மட்டையில் பட்டுக் கீப்பர் கைக்குப் போயிற்று என்று தானே சொல்லிவிட்டு, அம்பயர் கை தூக்காமலே வெளியே நடந்தான். இவ்வளவு நேர்மையான ஆளை அனுப்ப மனமில்லை என்று எதிரணித் தலைவர் ஓடிவந்து தோளைப் பிடித்துத் திரும்ப அழைத்துப்போனார். நூற்று எண்பத்தேழு ரன், அவுட் இல்லை. மைதானமே எழுந்து கைதட்டியபோது அவன் மட்டையை உயர்த்தவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். மறுநாள் பத்திரிகைகள் ரன்னைவிட அவன் நேர்மையைப் பற்றித்தான் அதிகம் எழுதின. அந்தக் கோடையில் இன்னும் நான்கு முறை அவன் அவுட்டாக முயன்றான், நான்கு முறையும் நூறு தாண்டியது.

இலையுதிர் காலத்தில் கோவையின் ஆசிரியர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது: பிறந்த தேதி, பெற்றோர், பொழுதுபோக்கு. கிளிஃப் அதை அடுப்பில் போட்டான். இரண்டாவது வந்தது. தான் ஒரு சாயத் தொழிலாளி, எந்தப் பெயரும் பெற்றவனல்ல, தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று பதில் எழுதினான். அவனுக்கு எழுத்து அவ்வளவாக வராது, மூன்று நாள் உட்கார்ந்து எழுதினான். என் மனைவிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்றும் அதில் எழுதினான். மிக மரியாதையாகப் பதில் வந்தது. தங்கள் அடக்கம் எங்களை நெகிழவைத்தது, அதையும் குறிப்பில் சேர்த்துக்கொண்டோம், தங்கள் மனைவிக்கு எங்கள் வாழ்த்துகள். அதை நூலகர் மிஸ் ஹோல்ட்டிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, "இவங்ககிட்ட வேற எப்படித்தாங்க சொல்றது?" என்று கேட்டான்.

ஊரில் கண்ணுக்குத் தெரிகிற ஹெலிவெல்கள் அப்போது ஏழு பேர். அவர்களில் போகப்போவது யார் என்று யாருக்கும் தெரியாது. கிளிஃபின் பெரியப்பா பெர்சி, எண்பத்தொரு வயது, பிப்ரவரி பூராவும் கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு நூலக வாசலில் போய் நின்றார். "என்னை எடுத்துக்கட்டும். முட்டி வலி தாங்கல, என்னை எவன் பாக்கணும் இனிமே?" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். மிஸ் ஹோல்ட் தன் பங்குக்கு, மார்ச்சில் கோவை வந்த பெட்டியை ஆணிகூடக் கழற்றாமல் நிலவறையில் வைத்து மேலே பழைய பூகோளப் படங்களை அடுக்கிவிட்டார். எங்களால் முடிந்தது அவ்வளவுதான். அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒன்பதாம் தேதி காலையில் மேவிஸ் தேநீர் ஊற்றிக்கொண்டே குழந்தையின் அறைக்குத் திரைச்சீலை வாங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். "பொண்ணோ பையனோ, எதுக்கும் பொதுவா ஒரு நீல..." என்றாள். அதோடு குரல் நின்றது. தேநீர்க் குடுவை மட்டும் அந்தரத்தில் சாய்ந்து, கோப்பை நிறையும்வரை ஊற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் மேசையில் இறங்கியது. கிளிஃப் இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "நீலமே வச்சுக்கலாம்" என்றான். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான். தலைக்குமேல் வெதுவெதுப்பாக ஏதோ வந்து நின்றதாகவும், அதைப் பிடிக்கப் பிடிக்கக் கை தன் தலைமயிரையே பிடித்ததாகவும் பிற்பாடு சொன்னான். மதியம் திருமதி க்ராஸ்லி கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, கையிலிருந்த குடையால் மாப்பிள்ளையை நாலு போடு போட்டார். அவன் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் காலி அறையைப் பார்த்து, "ஏண்டி, எதாச்சும் சாப்டியா?" என்று கேட்டார். ஒரு தட்டில் மீன் வறுவலை வைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய் நின்றார்கள். திரும்பி வரும்போது பாதி தின்றிருந்தது.

கிளிஃப் அதற்குப்பின் மட்டையைத் தொடவில்லை. கவுண்ட்டியிலிருந்து இரண்டுமுறை கார் அனுப்பினார்கள், கதவைத் திறக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் தாதி டோர்டாஃப் சைக்கிளில் வந்து மாடியறைக்குப் போனார். தலையணையில் ஒரு குழி, விரிப்பில் ஒரு மேடு, அவ்வளவுதான் இருந்தது. முப்பது வருடமாகப் பிரசவம் பார்க்கிறவர். மேவிஸ் கத்தினாலும் கேட்காது என்பதால் விரிப்பு கசங்கி இறுகும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து எண்ணிக்கொண்டார். "தள்ளு கண்ணு, இன்னும் கொஞ்சம், கெட்டிக்காரி" என்று தலையணைக் குழியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே மாடிப்படியில் கிளிஃப் காதில் ஒரு முனகல்கூட விழவில்லை. அதுதான் அவனை அரைப் பைத்தியமாக்கியது. பதினோரு மணிக்குக் குழந்தையின் வீறல் தெருக்கோடிவரை கேட்டது. பெண். எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. தாதி அதைத் துடைத்துச் சுற்றித் தலையணைப் பக்கம் நீட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். குழந்தை அந்தரத்தில் ஆடியபடி பால் குடிக்கத் தொடங்கியது.

பத்தாவது நாள் அவர்கள் பிறப்பைப் பதிய நகரசபைக்குப் போனார்கள். கிளிஃப் நடந்தான், குழந்தை அவனுக்கு இடப்பக்கம் மார்பு உயரத்தில் வந்தது, எதிரே வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பதிவாளர் ஆக்டன் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு குழந்தையின் பெயரைக் கேட்டார். ரூத் என்றான் கிளிஃப். தாயின் பெயர், மேவிஸ் க்ராஸ்லி. தகப்பன் பெயர் என்று அவர் எழுதப்போனபோது, "அத வெறுமையா விடுங்க" என்றான்.

"வெறுமையாவா? அப்டி விட்டா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல, மிஸ்டர் ஹெலிவெல்? தகப்பன் பேரு தெரியாத புள்ளைன்னு பள்ளிக்கூடத்துல பேசுவாங்க. உங்க கல்யாணத்துல நானே ரெண்டு துண்டு கேக் தின்னிருக்கேன்."

"பேசட்டும். அந்தப் பேரு அவமேல ஒருநாள்கூட இருக்கக் கூடாது."

"அப்ப நீங்க இங்க யாருன்னு எழுதறது?"

கிளிஃப் யோசித்தான். "யாருமில்லன்னு எழுதுங்க. துணைக்கு வந்த ஆளு."

ஆக்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். பிறகு பதிவேட்டைக் கிளிஃபுக்கு இடப்பக்கம் திருப்பி வைத்து, தாய் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார். குழந்தை மெல்ல அப்பாவின் கைகளுக்கு மாறியது. பேனா எழுந்து, மைக்கூட்டில் தோய்ந்து, அந்தக் கோட்டின்மேல் நிதானமாக நகர்ந்து, கடைசியில் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கீழே இறங்கியது. தாளில் எதுவும் விழவில்லை. ஆக்டன் மை ஒற்றும் தாளை எடுத்து அந்த வெற்றுக் கோட்டின்மேல் வைத்து, கலைந்துவிடாதபடி மெதுவாக அழுத்தி எடுத்தார். காய்ந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்தார். பதிவேட்டை மூடி, "அடுத்தவங்க வாங்க" என்றார்.