எல்லைப் பலகை

எங்கள் நெப்ராஸ்காவில் 217 என்று ஒரு மாநில நெடுஞ்சாலை இருக்கிறது. கிழக்கே டெல்மாவில் கிளம்பி மேற்கே கார்வினில் முடியும். நாற்பத்தோரு மைலும் சோளக்காடு, ஒரு வளைவு கிடையாது. இந்த லட்சணத்துக்கு இரண்டு அப்பன்கள் வேறு. அந்தக் காலத்தில் டெல்மாக்காரர்கள் கிழக்கிலிருந்தும் கார்வின்காரர்கள் மேற்கிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்தார்களாம். கடைசி ஒரு மைலை யார் போடுவது என்று பன்னிரண்டு வருடம் சண்டை. 1938-இல் ஒருவழியாக இரண்டும் சேர்ந்தது, என் தலையெழுத்து, எங்கள் வீட்டு வாசலில்.

அங்கே 'பராமரிப்பு எல்லை' என்று ஒரு பலகை நட்டார்கள். பனி கொட்டினால் டெல்மா வண்டி பனியைத் தள்ளிக்கொண்டு பலகை வரை வரும், எங்கள் வாசலில் திரும்பும், தள்ளி வந்ததை அங்கேயே குவித்துவிட்டுப் போகும். பிறகு கார்வின் வண்டி வந்து தன் பங்கைக் குவிக்கும். ஊரெல்லாம் சாலையில் போகும். நாங்கள் மட்டும் உள்ளே கிடப்போம்.

என் கணவர் வெண்டலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடம் ஆகிறது. வாரம் மூன்று நாள் டெல்மா ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். போன ஜனவரியில் நாலு மணி நேரம் வாரி வழி உண்டாக்கினேன். காரை எடுக்கும்போது கார்வின் வண்டி வந்து மறுபடி மூடியது. இரண்டு நாள் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார் மனிதர்.

நெடுஞ்சாலைத் துறைக்கு ஒன்பது கடிதம் எழுதினேன். கடைசியில் போனும் செய்தேன்.

"பலகை சரியான இடத்துலதாம்மா இருக்கு."

"பலகைக்கு ஒண்ணும் இல்லய்யா, என் புருஷனுக்குத்தான் சரியில்ல!"

அக்டோபரில் ஒரு ஞாயிறு. ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம், டிராக்டரில் சங்கிலி கட்டிப் பலகையைப் பிடுங்கினேன். அரை மைல் மேற்கே, வீடு வாசல் எதுவும் இல்லாத மேய்ச்சல் நிலத்தோரம் நட்டேன். அறுபத்திரண்டு வயதில் திருட்டு வேலை.

"நீ ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாரு சமைக்கிறது?" என்றார் வெண்டல்.

"உப்பில்லாத சாப்பாடுதானே, யாரு வேணா சமைப்பாங்க."

நவம்பரில் முதல் பனி, சரியாக ஆஸ்பத்திரிக்குப் போகிற புதன்கிழமையில். டெல்மா வண்டி எங்கள் வாசலில் நிற்காமல் மேற்கே போனது. வழி திறந்து கிடந்தது! அவசரமாக வெண்டலைக் காரில் ஏற்றினேன். அதற்குள் வண்டி திரும்பி வந்து எங்களுக்குக் குறுக்கே நின்றது. ஓட்டுநர் டுவெய்ன் இறங்கி வந்தான்.

"பலகைய நகத்தினது யாருக்கா?"

பொய் வாயில் வரவில்லை.

"நாந்தான். இவர ஆஸ்பத்திரில விட்டுட்டு வரேன், அப்புறம் யாருகிட்ட வேணா புடிச்சுக் குடு."

டுவெய்ன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன்க்கா, கொஞ்சமாவது அறிவு இருக்கா உங்களுக்கு? பலகை எங்க இருக்கோ அங்கதான் திரும்பணும்னு எங்களுக்கு உத்தரவு. நாங்க அதத் தொட்டா வேலை போயிரும். கார்வின்காரனும் நானும் மூணு வருஷமாக் காத்துக்கிட்டுக் கெடக்கோம். அந்தச் சனியனப் புடுங்கிப் போட உங்களுக்கு இப்பத்தான் தோணுச்சா?"

மூன்று வருடம் முதுகொடிய வாரியிருக்கிறேன். நன்றாகத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நேரமாகிறதென்று வெண்டல் ஹாரனை அடித்தார்.