தன்னையே கட்டிக்கொண்ட தோட்டம்

அகபாத் துறைமுக நகரின் தென்கரையில் கண்ணாடிப் படகு ஓட்டுகிற நாங்கள் வாய் திறக்காதவர்கள். படகின் அடியில் பதித்த கண்ணாடி வழியாகப் பவளத்தைக் காட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. நல்ல இடம் ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதை அடுத்த படகுக்காரனிடம் சாகும்வரை சொல்லமாட்டான். என் இடத்தை நான் ஒரே ஒருத்திக்குத்தான் காட்டியிருந்தேன். அவள் என் மனைவி ருதைனா.

அவள் கடல் ஆய்வு நிலையத்தில் பவளம் வளர்ப்பவள். தென்காற்றுப் புயலொன்று கரையோரப் பாறையை நொறுக்கிப்போட்ட பிறகு, கடலடியில் இரும்புச் சட்டங்களை நட்டு நாற்றங்கால் போட்டாள். பவளம் உயிருள்ளது; அதன் கிளையை ஒடித்துக் கட்டினால் அத்திக் கொம்பு போலத் தழைக்கும். பல பவளங்கள் வெளுத்துச் செத்த ஒரு கொடிய கோடையில், நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய கிளைப் பவளம் மட்டும் நிறம் மங்காமல் நின்றது. அதற்கு 'ஷேக்கா', அதாவது சீமாட்டி, என்று பெயர் வைத்தாள். சட்டம் முழுக்க அதன் துண்டுகளையே கட்டினாள். சில வருடங்களில் தோட்டம் அப்படி வளர்ந்தது, பார்த்தவர்கள் பேச்சை மறந்தார்கள்.

பவளங்கள் முட்டை விடும் பருவம் வந்தது. ஒரு காலையில் நான் படகைக் கழுவிக்கொண்டிருந்தபோது ருதைனா கையில் குப்பியோடு வந்தாள். உள்ளே இளஞ்சிவப்பு மணிகள் மிதந்தன.

"ஒண்ணுகூட கருவாகல, நாயிஃப்."

"தண்ணி சரியில்லையா?"

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. என் புத்திதான் சரியில்ல. எல்லாம் ஷேக்காவோட துண்டு. ஆயிரம் துண்டா ஒடிச்சாலும் அது ஒரே ஆளுதானே? நம்ம ஊர்ல சித்தப்பா பொண்ணைக் கட்டுவாங்க. தன்னையே கட்டிக்கிட்டவன் எவனாவது இருக்கானா?"

சிரித்தாள். பிறகு படகின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது தானா ஒரு குஞ்சுகூடப் பெத்துக்காது. நான் இருக்கிற வரைக்கும் ஒடிச்சு ஒடிச்சு ஒட்டணும். ஒரு நோய் வந்தா மொத்தமும் ஒரே நாள்ல போயிடும்."

எல்லாம் ஒரே பவளம் என்றே மரபணுச் சோதனையும் சொன்னது. ஆனால் துண்டுகளைச் சட்டத்திலிருந்து பாறைக்கு மாற்றும் நடவு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. தலைநகர் அம்மானிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள். நிலைய இயக்குநர் டாக்டர் வஸ்ஃபி அவளைத் தனியே அழைத்தார்.

"நட்டுடுவோம்மா. பார்க்க அழகா இருக்கு. யாருக்குத் தெரியப்போவுது?"

"தப்பு என்னோடது, டாக்டர். நானே மேடையில சொல்லிடறேன்."

சொன்னாள். கடையில் ரொட்டி கேட்கிற குரலில், கோட்டு போட்ட அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அவளை மணந்தவன் நான் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லவேண்டும் போலிருந்தது.

இனி வேறு வேறு இடங்களில் அந்தக் கொடிய கோடையைத் தாங்கிய பவளங்கள் வேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்பது படகோட்டிகளுக்குத்தான் தெரியும். கடல் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேராக எங்கள் காபிக்கடைக்கு வந்தாள். மூத்த படகோட்டி சுவைலிம் அர்கீலா ஹூக்காவின் புகையை விட்டபடி சொன்னார்:

"தங்கச்சி, உன் புருஷன் எனக்குப் போட்டிக்காரன். இப்ப உன்கிட்ட சொன்னா, விடிஞ்சதும் அவன் படகு அங்கதான் நிக்கும்."

"அப்படியா அண்ணே? அப்போ முதல்ல அவரோட இடத்தைச் சொல்லிடறேன். பழைய துறைக்குத் தெற்கே, உடைஞ்ச மிதவைக்கு நேர் கீழே. எல்லாரும் தாராளமாப் போய்க்கோங்க!"

எனக்குத் தேநீர் புரையேறியது. கடையே சிரித்தது.

"அடப்பாவி நாயிஃப், பொண்டாட்டியே உன் கடையை மூடிட்டாளே!" என்றான் ஒருவன்.

சுவைலிம் மட்டும் சிரிக்கவில்லை. வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓரிடத்தில் வைத்தார்.

"இங்க இருக்கு. அதே கிளைப் பவளந்தான், ஆனா ஊதா. சுத்தி எல்லாம் செத்தப்பவும் இது அசையல."

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். பக்கத்தில் நிற்பவன் பார்த்துவிடாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு காட்டினார்கள்.

என் இடம் உட்பட ஒவ்வோர் இடத்திலிருந்தும் நுனி மட்டும் எடுத்து வந்து ஷேக்காவின் துண்டுகளுக்கு நடுவே கட்டினாள். அவை வளர்ந்து முட்டை விட்ட ஒரு கோடையில் என்னை நுண்ணோக்கி முன் உட்கார வைத்தாள். ஒரு முட்டை இரண்டாகப் பிளந்து, நான்காகிக்கொண்டிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் இதயம் நின்றுபோனது. அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

அவளோடு வேலை செய்த தமாரா, இரண்டு கோடைகள் கழித்து வீட்டுக்கு வந்தாள். யாரும் எதையும் நடாத வெறும் பாறையில் நகக்கண் அளவுக்குக் குட்டிப் பவளங்கள் ஒட்டியிருக்கின்றனவாம். ஒன்றைச் சோதித்ததில், பெற்றவை இரண்டும் தெரிந்துவிட்டன. ஒன்று சுவைலிமின் ஊதாப் பவளம். மற்றது என் இடத்துப் பவளம்.

காபிக்கடைக்குப் போய்ச் சொன்னேன். சுவைலிம் எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டார்.

"உட்காருங்க, சம்பந்தி. யாரு மாப்பிள்ளை வீடு?"

"இதுங்க ஒவ்வொண்ணும் பொண்ணுந்தான், மாப்பிள்ளையுந்தான்னு ருதைனா சொல்லுவா."

"அப்போ மாப்பிள்ளை வீட்டு மஹர் பணம் யாரு கொடுக்கறது?" என்றார்.

அவருடைய படகிலேயே போனோம். கண்ணாடி வழியாகத் தெரியாத அளவுக்கு அவை சிறியவை. ஆனாலும் சுவைலிம் குப்புறப் படுத்து, கண் கூசாமல் இருபுறமும் கைகளால் மறைத்துக்கொண்டு, வெயில் சாயும்வரை தேடினார். நான் துடுப்பைப் பிடித்திருந்தேன்.