குத்பாவில் வராத பெயர்

மெர்வ் நகரத்துப் பெரிய பள்ளிவாசலில் தூண்கள் காடாக நின்றன. மிம்பர் என்னும் பிரசங்கப் படிமேடையில் இமாம் பேசுவது முற்றத்துக்கு எட்டாது. தூண்களுக்கு நடுவே நிற்கும் சாபூர் அதைக் கேட்டுச் சொல்வான். முற்றத்துக் கல்மேடையில் நிற்கும் மர்ஸ்பான் அதை வாங்கி, வெளியே உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கும் உரக்கச் சொல்வான். சொந்தமாக ஒரு எழுத்துக்கூடச் சேர்க்காததில் அவனுக்குப் பெருமை.

அந்த வெள்ளிக்கிழமை அவனால் யாரையும் நம்ப முடியவில்லை. அரசர் கான் துருமிஷ் இறந்துவிட்டார், கோட்டையில் அவர் தம்பி மகன் எல்பெக் உட்கார்ந்துவிட்டான் என்று கடைத்தெருவில் பேச்சு. இல்லை, வெறும் காய்ச்சல்தான் என்றும் பேச்சு. வெள்ளிக்கிழமைப் பிரசங்கமான குத்பாவில் யார் பெயரைச் சொல்லி இறைவனிடம் துஆ கேட்கிறார்களோ அவர்தான் அரசர். பெயர் மாறினால் தலை போகும். போதாததற்கு, மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசாத சாபூர் காலையில் வலிய வந்து கைநிறைய உலர்திராட்சை கொடுத்தான். இந்த மேடையில் தன் தம்பியை ஏற்றப் பார்க்கிறவன் அவன்.

"தொண்டையப் பாத்துக்கோ மர்ஸ்பான். இன்னிக்கு எல்லாரும் உன் வாயத்தான் பாப்பாங்க."

மர்ஸ்பான் அதில் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

"இறைவா, எங்கள் அரசர்..." என்று சாபூரின் குரல் வந்தது. பிறகு ஒரு இருமல். பிறகு, "...அவர்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடு."

இருமியது இமாமா, சாபூரா? பெயரை வேண்டுமென்றே விழுங்கித் தன்னை மாட்டிவிடுகிறானா சாபூர்? தூண்கள் மறைத்தன. மர்ஸ்பான் கேட்டதை அப்படியே சொன்னான், இருமல் உட்பட. முற்றம் சற்றுத் தயங்கி ஆமீன் சொன்னது.

தொழுகை முடிந்ததும், அரசர் பெயர் ஏன் வரவில்லை என்று விசாரிக்கக் கோட்டை அதிகாரி வந்தார். பெயரைத் தெளிவாகச் சொன்னதாக இமாம் சாதித்தார். தானும் சொன்னதாகவும், இருமியது மர்ஸ்பான்தான், முற்றமே சாட்சி என்றும் சாபூர் சொன்னான். முற்றம் கேட்டது மர்ஸ்பானின் இருமலை மட்டும்தானே.

ஆத்திரத்தில் மர்ஸ்பானுக்குப் பயம் விட்டுப்போயிற்று. "அய்யா, ரெண்டு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டு, எந்தப் பேரைச் சொன்னீங்கன்னு கேட்டுப் பாருங்க."

அதிகாரி கேட்டார். இமாம் காதோடு சொன்ன பெயர் துருமிஷ். சாபூர் சொன்னது எல்பெக். பெயர்கள் ஒத்துப்போகாததால் காவலர்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மர்ஸ்பானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதிகாரி மட்டும் நகரவில்லை.

"சரிப்பா. மேடையில நின்னப்ப, எந்தப் பேரு வரும்னு நீ எதிர்பார்த்த?"

எடுத்துக் கொடுக்க அங்கே இப்போது யாரும் இல்லை. இந்த முறை மர்ஸ்பானேதான் முதலில் சொல்லியாக வேண்டும்.