பன்னிரண்டு பச்சைச் சேலைகள்

கண்ணை மறைத்து மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டின் உள்பஞ்சு ஈரமாக இருந்தது. மெய்யநாதனுக்கு முன் மூன்று முகங்கள் அதற்குள் வியர்த்திருந்தன. சித்தப்பாவின் தலை எண்ணெயும், அவர் காலையில் தின்ற வெங்காயச் சட்னியும் அதில் வீசின.

காரைக்குடியில் ஒரு லாட்ஜ் அறை. கண்டரமாணிக்கத்தில் பூட்டிக் கிடக்கும் பொதுவீட்டை ஹோட்டல்காரருக்கு விற்க ஏகப்பன் ஏற்பாடு செய்திருந்தான். பெரியப்பா மகன், சென்னையில் கம்ப்யூட்டர் தொழில். விற்றுவிட்டால் இறந்தவர்களுக்கு வைக்கும் வருடாந்திரப் படைப்பை எங்கே வைப்பது என்று சித்தப்பா இழுத்தார். உடனே ஏகப்பன் வீட்டைச் சுவர் சுவராகப் படம் பிடித்து ஹெட்செட்டுக்குள் கட்டிவிட்டான். இனிப் படைப்பு அதற்குள்தான். பார்த்தவர்கள் பத்துக்கு மதிப்பெண் போட்டு, விற்கச் சம்மதம் என்று கையெழுத்திட வேண்டும். மெய்யநாதன் ஒருவன்தான் மீதி.

அவர்கள் வீட்டில் இறந்த பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு சேலை உண்டு. படைப்பு அறையின் மரப்பேழையில் பதினொரு சேலைகள் இருந்தன. தை மாதம் எடுத்து, துவைத்து, படைத்து, மடித்து வைப்பார்கள். அவன் மனைவி ஜனனி இறந்து பதினொரு மாதம் ஆகிறது. அவளுடைய பச்சைச் சேலை இந்தத் தையில் பேழைக்குள் போக வேண்டும். அவளுக்காகச் செய்ய அவனுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

சற்று முன் சித்தப்பா மீனாட்சிசுந்தரம் ஹெட்செட்டோடு ஒரு தூணில் சாயப் போய் லாட்ஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தூணைக் கண்டா சாயாம இருக்க மாட்டீகளே! அங்குட்டு இருந்தது தூணா, காத்தா?" என்று அவர் மனைவி, சின்னாத்தா சிகப்பி சிரித்தாள்.

"நீ மட்டும் செருப்பைக் கழட்டிட்டுல மாட்டுன?"

"வீட்டுக்குள்ள செருப்போடயா போவாக?"

ஏகப்பனையும் சேர்த்து மூவரும் பத்து போட்டிருந்தார்கள்.

மெய்யநாதன் மாட்டிக்கொண்டான். தரை பளபளத்தது. வௌவால் நாற்றம் இல்லை. முற்றத்தில் எங்கிருந்து விழுகிறது என்று தெரியாத வெயில். நிலைப்படியில் அவன் தலை தானாகக் குனிந்தது. குனிந்ததை நினைத்துக் கூசினான். படைப்பு அறையில் பேழை திறந்திருந்தது.

பன்னிரண்டு சேலைகள். பன்னிரண்டும் பச்சை. பன்னிரண்டின் மடிப்போரத்திலும், ஒரே இடத்தில், கடைசி வாரம் ஜனனி மேல் சிந்திய மருந்தின் மஞ்சள் கறை.

அவன் கை நீட்டினான். பன்னிரண்டுக்குள்ளும் கை புகுந்து வெளியே வந்தது.

ஹெட்செட்டைப் பிடுங்கிக் குளியலறைக்கு ஓடினான். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. வெளியே ஏகப்பன் குரல்:

"பாத்தீகளா? கண்ணு கலங்குறதெல்லாம் சும்மா. குடலே கலங்குது! இதுக்கு மேல தத்ரூபம் வேணுமா? தம்பிக்கும் பத்து."

மெய்யநாதன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். "எல்லாத்துக்கும் ஜனனி சேலையையா போட்ட?"

"பழசெல்லாம் தொட்டா நூலா உதிருதுப்பா. சின்னாத்தாகிட்ட இருந்த ஜனனி சேலைதான் கலர் நல்லா எடுத்துச்சு. அதையே அடுக்கிட்டேன். யாருக்குத் தெரியப்போகுது?"

சின்னாத்தாவின் சிரிப்பு நின்றது. "அப்ப என் மாமியா சேலை? அரக்குல கட்டம் போட்டது?"

"நீங்களும் பாத்தீகளே!"

"பாத்தேன்." அவள் குரல் இறங்கியது. "விழுந்து கும்பிட்டேன்டா."

மெய்யநாதனுக்கு அருவருப்பு வந்தது. ஏகப்பனை நினைத்து அல்ல. ஒரு நோயாளியின் சேலையையே பன்னிரண்டு முறை அடையாளம் தெரியாமல் கும்பிட்டுவிட்டு, காப்பி குடித்து, பத்து போட்ட சின்னாத்தாவை நினைத்து.

ஏகப்பன் பேனாவை நீட்டினான். "திருத்திக்கலாம்ப்பா. கலர் மாத்துறது பத்து நிமிச வேலை. நீ கையெழுத்தைப் போடு."

"போட மாட்டேன்."

"அந்த வௌவால் எச்சத்துக்குள்ள யாரு வந்து படைப்பா?"

"நான் படைப்பேன்."

"ஒத்தை ஆளாவா? பொம்பளை இல்லாத வீட்டுல படைப்பு வைக்கப் போறானாம்!"

சித்தப்பா கூரையைப் பார்த்தார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல் ஏகப்பன் வாயை மூடிக்கொண்டான்.

சின்னாத்தா எழுந்து, மேசையில் இருந்த, தான் கையெழுத்திட்ட தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். அப்புறம் குனிந்து செருப்பைத் தேடினாள்.

"வீட்டுச் சாவி காருல கிடக்கு. வெளக்கமாறு ரெண்டு வாங்கணும் மெய்யா, போற வழியில நிப்பாட்டு."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து பிடித்தான்.