ஏரிச் சேற்றில் ஓர் அம்புக்குறி

என் கணவர் பெரிய ஆள். எங்கள் ஏரியில் வெள்ளம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு குறைந்துகொண்டே வருகிறது என்று கண்டுபிடித்தவர். ஏரியின் அடியில் குழாயை இறக்கி எடுத்த இரண்டு மீட்டர் சேறுதான் அதற்குச் சாட்சி. ஒவ்வொரு வெள்ளமும் அந்தச் சேற்றில் ஒரு மணல் பட்டையை விட்டுப் போயிருந்தது. குழாயின் அடிப்பக்கம் பட்டைகள் நெருக்கம், மேலே வர வர அரிது. அதை நம்பி, ஏரிக்கு வரும் ஆற்றின் தடுப்புக்கரையை இடித்து நடைபாதை போட நகராட்சி முடிவு செய்திருந்தது. கரைக்குப் பின்னால் பள்ளத்தெருவில் என் அக்கா குடியிருக்கிறாள்.

அவருடைய ஆய்வகத்தில் நான் உதவியாளர். போன வாரம் அந்தக் குழாயிலிருந்து மாதிரி எடுக்கும்போது ஒரு பட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தேன். கீழே மாவு மாதிரி களிமண், மேலே பருமணல். வெள்ளநீர் தெளியும்போது பருமணல்தானே முதலில் அடியில் படியும்? அடுத்த பட்டையும் அப்படியே இருந்தது. அதற்கடுத்ததும்.

“குழாய் தலைகீழா இருக்குங்க,” என்றேன்.

“மேல்பக்கத்தைக் காட்டுற அம்புக்குறிய பார்த்தியா? படகுல வெச்சு நானே போட்டது.”

“அதத்தான் சொல்றேன்.”

அவர் முகம் வெளிறியது. மேல்நுனியில் கிடைத்த இலைக்குக் கார்பன் சோதனையில் எண்ணூறு வயது வந்தபோது, ‘எங்கிருந்தோ அடித்து வரப்பட்ட பழைய இலை’ என்று எழுதியவர் அவர். அடியில் கிடைத்த இளம் இலைக்கும் ஒரு காரணம் எழுதியிருந்தார். காரணத்துக்கு அவரிடம் என்றைக்குமே பஞ்சமில்லை.

“அப்போ வெள்ளம் அதிகமாகிட்டே வருது,” என்றார் மெதுவாக. “யார்கிட்டயும் சொல்லாத. வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூட்டத்துல நானே சொல்லிடறேன்.”

சொன்னார். நன்றாகவே சொன்னார். கரையை இடிக்கக் கூடாது, இன்னும் உயர்த்த வேண்டும் என்று மேசையைத் தட்டினார். பழைய முடிவு எப்படித் தவறாகப் போனது என்று ஒருவர் கேட்டார்.

“உதவியாளர் அம்புக்குறிய மாத்திப் போட்டுட்டாங்க. நான் பார்த்துக் கண்டுபிடிச்சேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். நான் வாயைத் திறந்தால் கூட்டம் குழம்பி, கரை பற்றிய முடிவு தள்ளிப்போகும். நானும் தட்டினேன்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். “உன் வீட்டுக்காரர் இல்லேன்னா நாங்க மூழ்கியே போயிருப்போம்டி. நீ இனிமேலாவது வேலைல கொஞ்சம் கவனமா இரு.”

“சரிக்கா,” என்றேன்.